வராத அளவு

ஹாலேஷைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய பயங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். லிஃப்டுக்குப் பயம், மூன்று மாடியும் படியேறித்தான் வருவார். தெருநாய்க்குப் பயம், ஒரே ஒரு கறுப்பு நாய்க்காகக் காந்தி பஜாரில் இரண்டு தெரு சுற்றி வருவார். தொலைபேசி அடித்தால் பயம், நெடுநேரம் அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அவருடைய மனைவி சாந்தலா ஆபீஸ் விசேஷத்துக்கு வந்தபோது எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "கல்யாணத்தன்னைக்கே இவருக்குக் கை நடுங்கிச்சு. மூணாவது முடிச்ச நானே போட்டுக்கிட்டேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க தமிழ்ல ஒண்ணு சொல்வாங்க, சார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒருநாள் கிண்டலாகச் சொல்லி, அர்த்தமும் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "சரி மேடம், அந்த ஆளு கிட்டப் போய் அது பேயா இல்லையான்னு பாத்தானா?"

பழமொழியில் அதெல்லாம் இல்லை.

பெங்களூர் பசவனகுடியில், ஒரு பேக்கரிக்கு மேலே, மொத்தம் ஒன்பது பேர் வேலை செய்கிற கம்பெனி எங்களுடையது. ஹாலேஷுக்கு தாவணகெரெ பக்கத்தில் ஹரிஹரா சொந்த ஊர். அப்போது வயது நாற்பத்தாறு. அவர் கணினிக்கு நிரல் எழுதுவார். எதிர் மேஜையில் நான் உட்கார்ந்து, அவர் எழுதியதில் ஓட்டை தேடுவேன். பொற்செல்வி என்ற என் பெயரை ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடியாமல் 'செல்வி மேடம்' ஆக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்கிறேன். அந்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கையில் இருந்த வேலைகளில் பழையது கரிஹொளே ஆற்றுக்கான வெள்ள எச்சரிக்கை. மலைநாட்டில் ஓடுகிற சின்ன ஆறு. வெயில்காலத்தில் முழங்கால் நனையாது, மழைக்காலத்தில் வீட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆறு இடங்களில் கம்பம் நட்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்புகிற கருவி வைத்திருந்தார்கள். அந்த எண் எங்கள் நிரலுக்கு வரும். அபாய அளவைத் தாண்டினால், தாலுகா கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்தக் கம்பத்துக்கான பச்சை வட்டம் சிவப்பாகும். கரையோர ஊர்களில் சைரன் தானே அடிக்கும். மேல் கம்பத்தைத் தாண்டிய தண்ணீர் மாவினகட்டே என்ற ஊருக்கு வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஹாலேஷ் தனியாக உட்கார்ந்து எழுதியது அது.

அதை அவர் எழுதிய கணினி மொழி பைத்தான், அதாவது மலைப்பாம்பு. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஹாலேஷ் நடுங்காமல் கையாண்ட ஒரே பிராணி அதுதான். ஆனால் அந்த மொழியும் சட்டையை உரித்துக்கொண்டு புதிதாகிவிட்டது. பழைய வடிவத்தில் 'அச்சிடு' என்று சொல்லி, பக்கத்தில் விஷயத்தை எழுதினால் போதும். புதியதில் விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பழையதில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று என்று சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடும். புதியது மூன்றரை என்று ஒழுங்காகச் சொல்லும். இப்படிச் சின்னதும் பெரியதுமாக நூறு மாற்றம். அந்த வருஷக் கடைசிக்குப் பிறகு பழையதைக் கவனிக்க மாட்டோம் என்று அதை வளர்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் புதியதற்கு மாறிக்கொண்டிருந்தது. ஹாலேஷ் மாறவில்லை. ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பது அவர் கட்சி.

ஜூலையில் முதலாளி ரூபஸ்ரீ மேடம் அவர் மேஜைக்கே வந்து நின்றார்.

"ஹாலேஷ் சார், மாசம் முடியறதுக்குள்ள ஆத்து நிரல மாத்திடணும். தாலுகாவுல புது சர்வர் வச்சிட்டாங்க, அதுல பழசு ஓடாது."

"ஓடிட்டிருக்கு மேடம். எதுக்குத் தொடணும்?"

"ஓடிட்டிருக்கறது நின்னுடப் போகுது சார். அதத்தான் சொல்றேன்."

"மழைக்காலம் முடியட்டுமே..."

"மழைக்காலத்துக்குத்தானே சார் இதை வச்சிருக்கோம்?"

ஹாலேஷ் வேலையைத் தொடங்கினார். மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாந்தலா கட்டிக்கொடுத்த சித்ரான்னத்தில் பாதி தினமும் எனக்கு வந்தது. நாலாயிரம் வரி. பெரும்பாலான மாற்றங்களைச் செய்து கொடுக்க ஒரு கருவி உண்டு. மிச்சத்தைக் கையால் மாற்றினார். மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது எல்லாம் ஓடியது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு வந்ததும் நிரல் செத்து விழுந்தது. எப்போதும் இல்லை, எப்போதாவது. ஒன்றுமில்லாததை எண்ணோடு ஒப்பிட முடியாது என்று திரையில் ஒரு புகார் வந்து நின்றது.

கம்பத்திலிருந்து சில சமயம் அளவு வராது. காற்றடித்தால் டவர் போகும், மின்கலம் தீரும். அப்போது அளவு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பழைய மொழி அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். புதியது அடம்பிடித்து நின்றது.

"டவர் பிரச்சினைதானே சார்? தாண்டிப் போகச் சொல்லுங்க" என்றேன். சொன்னது நான்தான். இதை இங்கே ஒளிக்க முடியாது.

எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்த பாவம் ஒன்று உண்டு. புகார் வந்தால் அதைக் காதில் வாங்காமல் மேலே போ என்று நிரலுக்கே எழுதிவைப்பது. இரண்டு வரிதான். ஹாலேஷ் எழுதினார். நிரல் சாவதை நிறுத்தியது. வட்டம் எப்போதும் பச்சையில்தான் தொடங்கும், அபாயம் என்று தெரிந்தால்தான் சிவப்பாகும்; ஆக, புகாரை விழுங்கியதும் வட்டம் பச்சையாகவே நின்றது. பழையதிலும் அப்படித்தான் நின்றது.

பிறகு என் முறை. பதினோரு வருஷத்தில் ஆறு கம்பங்களும் அனுப்பிய அத்தனை அளவையும், இருபது லட்சத்துக்கு மேல், பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓடவிட்டு இரண்டின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட நிறம் மாறவில்லை. பழையது சொன்னதையே புதியது சொன்னால் தேர்ச்சி. மொழி மாற்றும்போது உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் செய்கிற சோதனை இதுதான். கையெழுத்துப் போட்டேன். ஹாலேஷ் கீழே பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அவர் மட்டும் சாப்பிடவில்லை.

"என்ன சார், இன்னும் என்ன பயம்?"

"தெரியல மேடம். ரெண்டும் ஒண்ணா இருக்கு. அதான் பயமா இருக்கு."

நான் சிரித்தேன்.

அது நடந்தது செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை ஓய்ந்தது என்று ஊரே குடையை மடக்கி வைத்துவிட்டிருந்தது. பத்து மணிக்கு ஹாலேஷ் உள்ளே வந்தவர் பையைக்கூட வைக்காமல் கணினியைத் திறந்தார். பத்தே கால் வாக்கில் என்னைக் கூப்பிட்டார். குரலே வித்தியாசமாக இருந்தது.

"செல்வி மேடம், சித்த இங்க வாங்க."

போனேன்.

"ஒரு மாசமா அந்த ரெண்டு வரி என்னத் தூங்க விடல. யாரோ கத்த வர்றாங்க, நான் வாயப் பொத்திட்டே இருக்கற மாதிரி. இன்னைக்கு என் மிஷின்ல மட்டும் அத எடுத்துட்டு, இப்ப வர்ற அளவ விட்டுப் பாத்தேன்."

"செத்துதா?"

"செத்துடுச்சு. மேல் கம்பம். எட்டேமுக்காலுக்கு அப்புறம் அளவே வரல."

"டவரா இருக்கும்."

"இருக்கும். ஆனா பாருங்க." கட்டுப்பாட்டு அறையில் தெரிகிற அதே திரையை என் பக்கம் திருப்பினார். ஆறு வட்டம். ஆறும் பச்சை. "ஒன்றரை மணி நேரமா அந்தக் கம்பத்தப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாது. அப்ப இது ஏன் மேடம் பச்சையா இருக்கு?"

"பழசுலயும் அப்படித்தானே சார்..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

"அதான். பழசுல ஏன் அப்படி இருந்துச்சு? நான் இத்தன வருஷமா அதக் கேட்கவேயில்ல." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பழைய பைத்தான்ல ஒரு விதி இருந்துச்சு. ஒண்ணுமில்லாததையும் ஒரு எண்ணையும் ஒப்பிடச் சொன்னா, ஒண்ணுமில்லாததுதான் சின்னதுன்னு சொல்லிடும். எந்த எண்ண விடவும். வராத அளவு அபாய அளவ விடப் பெரிசான்னு நான் கேட்டிருக்கேன். இல்ல, சின்னதுன்னு அது சொல்லியிருக்கு. பதினோரு வருஷமா."

எனக்கு உடனே உறைக்கவில்லை. அவர்தான் விரலால் மேஜையில் கோடு போட்டுக் காட்டினார். ஆறு ஏறுகிறது. அளவு ஏறுகிறது. தண்ணீர் மரத்தை அடித்துக்கொண்டு வருகிறது. மரம் கம்பத்தைச் சாய்க்கிறது. அளவு நிற்கிறது. வட்டம் பச்சை.

"வெள்ளம் வந்தாத்தான் மேடம் கம்பம் போகும்" என்றார்.

நாற்காலியை அவர் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். எட்டரை மணி அளவைப் பார்த்தோம், அபாயத்துக்கு ஒன்றேகால் அடி கீழே. எட்டேமுக்கால் அளவு, அரை அடி கீழே. கால் மணியில் முக்கால் அடி ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வெறும் காலி. எட்டேமுக்காலோடு மூன்று மணி நேரத்தைக் கூட்டினால் பதினொன்றே முக்கால். மாவினகட்டேயில் பள்ளிக்கூடம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. எங்கள் வரைபடத்திலேயே அதற்கு ஒரு சின்னக் கொடி போட்டிருக்கிறோம். அன்று வேலைநாள்.

ஹாலேஷ் தொலைபேசியை எடுத்தார். தொலைபேசிக்குப் பயப்படுகிற மனிதர், கட்டுப்பாட்டு அறை எண்ணை மனப்பாடமாகப் போட்டார். அங்கே இருந்த எழுத்தர் பெயர் திம்மப்பா. ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மேல் கம்பத்துலருந்து அளவு வரலைங்க. மாவினகட்டே ஸ்கூல காலி பண்ணச் சொல்லுங்க."

"என்ன மாராயா சொல்ற நீ? திரை எம் முன்னாலதான் இருக்கு. எல்லாம் பச்சை."

"அந்தப் பச்சை தப்புங்க."

"உன் பச்சைதானே அது? நீதானே குடுத்த? இங்க வெயில் அடிக்குது. டவர் போச்சுன்னு நான் ஸ்கூல காலி பண்ணினா சாயங்காலம் என்னக் காலி பண்ணிடுவாங்க. சிவப்பு வரட்டும், சைரன் தானா அடிக்கும்." வைத்துவிட்டான்.

அவனைத் திட்டி என்ன பயன்? பதினோரு வருஷமாகப் பச்சையை நம்பு என்று பழக்கியது நாங்கள்.

ஹாலேஷ் எழுந்து ரூபஸ்ரீ மேடத்தின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை. அவர் தட்டாமல் போனது அதுவே முதல் தடவை. ஓடுகிற சர்வரில் கை வைக்க வேண்டும் என்றால் மேடத்தின் கடவுச்சொல் வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். எங்கள் தொழிலில் வெள்ளிக்கிழமை ஓடுகிற எதிலும் கை வைக்கக் கூடாது; கோயிலில் செருப்பு மாதிரி அது. "சோதிக்காம நேரா போடப் போறீங்களா? சைரன் சும்மா அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த தடவை ஒருத்தரும் ஓட மாட்டாங்க. யாரு சார் பதில் சொல்றது?"

"சும்மா அடிச்சா நான் பதில் சொல்றேன் மேடம். அடிக்காம விட்டா யாருகிட்டப் போய் சொல்றது?"

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க செல்வி? நீங்கதானே பாஸ் பண்ணினீங்க?"

"தப்பாப் பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். என் வாயிலிருந்து வந்த மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேடம் எழுந்து வந்து கடவுச்சொல்லை அடித்தார். முதல் தடவை தப்பாக அடித்தார். இரண்டாம் தடவை திறந்தது. மணி பத்து நாற்பத்தொன்று.

ஹாலேஷ் அந்த இரண்டு வரியையும் அழித்தார். அந்த இடத்தில், ஒரு மணி நேரமாக அளவு வரவில்லை என்றால் சிவப்பு என்று எழுதினார். நாலு வரி. ஓடவிட்டார். திரையில் பிழை. நிரல் தொடங்கவேயில்லை. இப்போது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆறு வட்டமும் சாம்பலாகிவிட்டன.

"என்ன சார் ஆச்சு?" மேடம் கிட்டத்தட்டக் கத்தினார்.

"தெரியல, தெரியல..."

"தெரியலன்னா எப்படி? இருந்ததும் போச்சே!"

அவர் வரிகளைப் படித்தார். நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். எனக்கு எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. மூச்சு விடுவதற்குக்கூட நேரம் போய்விடுமோ என்றிருந்தது. இதற்குத்தான் அவர் பயந்தார், இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தார் என்று அப்போது புரிந்தது. கடைசியில் நான்தான் பார்த்தேன். என்ன செய்கிறது என்று தெரிவதற்காக அவர் ஒரு 'அச்சிடு' வரி சேர்த்திருந்தார். பழைய கைப்பழக்கம், அடைப்புக்குறி போடவில்லை.

"பிராக்கெட் சார்! பிராக்கெட்!"

போட்டார். ஓடவிட்டார். ஆறு வட்டமும் மீண்டும் பச்சையாக எழுந்தன. பிறகு மேலே இருந்தது சிவப்பாயிற்று. மணி பத்து ஐம்பத்திரண்டு.

இரண்டு நிமிஷத்தில் திம்மப்பா கூப்பிட்டான். "என்ன பண்ணினீங்க? சைரன் அடிக்குது! மாவினகட்டேல அடிக்குது, கீழூர்ல அடிக்குது! ஹெட்மாஸ்டர் எனக்குப் போன் போட்டு நிஜமான்னு கேட்கறாரு, நான் என்ன சொல்ல?"

"நிஜம்னு சொல்லுங்க" என்றார் ஹாலேஷ்.

அதற்குப் பிறகு ஐம்பது நிமிஷம் ஒன்றும் இல்லை. அந்த ஐம்பது நிமிஷத்தை எப்படிச் சொல்வது? தண்ணீர் வராவிட்டால் நாங்கள் தெருவில் நிற்க வேண்டும். வந்தால், பிள்ளைகள் ஏறிவிட்டார்களா என்று தெரியாது. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் ஒன்பது பேரும் ஒரு திரையைச் சுற்றி நின்றோம். ஹாலேஷ் மட்டும் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

பதினொன்று நாற்பத்தாறுக்குத் திம்மப்பா மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவன் குரலில் அதட்டல் இல்லை.

"வந்துடுச்சு சார். ஸ்கூல் ஜன்னல் வரைக்கும் நிக்குது. புள்ளைங்கள்லாம் மேட்டுக் கோயில்ல இருக்காங்க. ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. நூத்திப் பதினாலு. எல்லாம் இருக்கு சார், எல்லாம் இருக்கு."

எங்கள் அறையில் ஒருவர் அழுதார், ஒருவர் கைதட்டினார், ரூபஸ்ரீ மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஹாலேஷின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். "பயந்தாங்கொள்ளி சார், நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். காலையில் இருந்ததைவிடப் பயந்த முகம்.

"மேடம், பதினோரு வருஷம்" என்றார்.

அடுத்த நாலு நாள் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. பழைய பதிவுகளைத் திறந்து வைத்து, அளவு வராமல் வட்டம் பச்சையாக நின்ற நேரத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்தார். நானூற்றுச் சொச்சம் மணி நேரம். பெரும்பாலும் டவர், மின்கலம். மழைக்காலத்தில் விழுந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்தார். அந்தத் தேதிகளை என்னிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுநாள் செய்தித்தாள்களில் பார்க்கச் சொன்னார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்த்தேன். பதினேழு தேதியில் பதினாறில் ஒன்றும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மாதத் தேதியில், உள்பக்க மூலையில் நாலு வரி இருந்தது. மாவினகட்டே, பாக்குத் தோட்ட விவசாயி, சென்னேகவுடா, வயது நாற்பத்துநாலு, ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டார்.

அதைப் படித்துக் காட்டினேன். ஹாலேஷ் அந்த நாளின் பதிவைத் திறந்து நேரத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

அக்டோபரில் மாவினகட்டேக்காரர்கள் அழைத்தார்கள். சைரன் அடித்தவருக்குச் சால்வை போட வேண்டுமாம். ஹாலேஷ் காய்ச்சல் என்றார், வயிற்றுவலி என்றார். ரூபஸ்ரீ மேடம் விடவில்லை. துணைக்கு நானும் போனேன்.

மேட்டுக் கோயிலில் கூட்டம். மைசூர்த் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து காலைத் தொட்டார்கள். ஒவ்வொரு பிள்ளை குனியும்போதும் அவர் ஓர் அடி பின்னால் போனார், கடைசியில் சுவரில் முட்டிக்கொண்டார். ஊரே சிரித்தது. என்ன கூச்ச சுபாவம் பாருங்கள் என்றார் தலைமையாசிரியர்.

சாப்பாடு தேவீரம்மா என்ற பெண்ணின் வீட்டில். அவள்தான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். மகள் அந்தப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். இலை போட்டு, அரிசி மாவை உருட்டி ஆவியில் வேகவைத்த கடுபும் கோழிக் குழம்பும் சூடாக வைத்தாள். கைநிறைய வைப்பாள், போதும் என்றால் காதில் விழாது.

"சாப்பிடுங்க அண்ணா. எங்க ஊரு புள்ளைங்களத் திருப்பிக் குடுத்தவரு நீங்க."

ஹாலேஷ் சாப்பிடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் நானும் பார்த்தேன். சுவரில் ஒரு படம், சாமந்தி மாலை, கீழே பெயரும் தேதியும். கன்னடம் படிக்க எனக்கு இப்போதெல்லாம் நேரமே ஆவதில்லை. சென்னேகவுடா, ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஜூலைத் தேதி.

தேவீரம்மா எங்கள் பார்வையைக் கவனித்தாள். "எங்க வீட்டுக்காரரு. தண்ணி ஏறுதேன்னு மோட்டாரத் தூக்கி வைக்க ஆத்துக்கு இறங்கினாரு." குழம்புக் கரண்டியை இலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "அப்பவும் சைரன் இருந்துச்சு. அடிக்கல. அன்னைக்கும் உங்கள மாதிரி ஒருத்தரு அங்க இருந்திருந்தா..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாலேஷின் தொடையை என் முழங்காலால் இடித்தேன். நன்றாகவே இடித்தேன். வாயைத் திறக்காதே மனுஷா, இவளுக்கு இருக்கிற ஆறுதலையும் கெடுக்காதே, நம்மையும் கெடுக்காதே. எனக்கு அப்போது இருந்தது வெறும் பயம்தான், அதற்கு இரக்கம் என்று வேஷம் கட்டிப் பார்த்தேன்.

"அன்னைக்கும் நான்தாம்மா இருந்தேன்" என்றார் ஹாலேஷ்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். மொழி, விதி, ஒப்பீடு என்று எதுவும் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து சேதி வராமல் போனால் அபாயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன், அன்றைக்குச் சேதி வரவில்லை, அதனால்தான் சைரன் அடிக்கவில்லை, அது தப்பு என்று போன மாதம்தான் எனக்கே தெரிந்தது என்று சொன்னார். சொல்லி முடிக்கும் வரை குரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. தலைப்பாகையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

தேவீரம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

"எழுந்திருங்க சார், போயிடலாம்" என்றேன். எனக்கு வாசலுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஊரைக் கூட்டிவிடுவாள், செருப்பால் அடிப்பாள், எது வேண்டுமானாலும் செய்யலாம். செய்தாலும் கேட்க நமக்கு வாய் இல்லை. ஹாலேஷ் அசையவில்லை. இலை முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் இருவரில் அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"அன்னைக்கு எத்தன மணிக்கு அடிச்சிருக்கணும்?" என்று கேட்டாள்.

ஹாலேஷ் அதைப் பார்த்து வைத்திருந்தார். "ஏழே முக்கால்" என்றார்.

"அவரு எட்டரைக்குக் காப்பி குடிச்சாரு" என்றாள் தேவீரம்மா. "அதுக்கப்புறம்தான் இறங்கினாரு."